பெண் மட்டும் இருக்கட்டும்

டொக்கும்,
14 பிப்ரவரி 1988

பாரெண்டுக்கு,

உன் முகவரி மாறியிருக்காது என்று நம்பி எழுதுகிறேன். ஆறு வருடம் ஆகிவிட்டது. உன் மகன் யோராமின் திருமணத்துக்கு நான் வரவில்லை. வராததற்குச் சொன்ன காரணத்தை நீ நம்பவில்லை. அதோடு நம் கடிதங்கள் நின்றுபோயின. அதை இப்போது கிளறப் போவதில்லை. எனக்கு ஓர் உதவி வேண்டும்.

மெம்முக்குப் போன மாதம் எண்பத்திரண்டு முடிந்தது. நான் ‘மெம்’ என்று எழுதினாலே உன் முகம் கோணும் என்று தெரியும். இங்கே ஃபிரீஸ்லாந்தில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நம்மைப் பெற்றவளை மட்டும்தான் நான் அம்மா என்று சொல்கிறேன். அவள் முகம் எனக்கு நினைவில்லை. அந்தச் சொல்லையாவது வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

மெம் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். இதயம் தளர்ந்துவிட்டது. இந்த வருடத்தைத் தாண்டுவது கஷ்டம் என்கிறார் மருத்துவர். போரின்போது யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்களுக்கு ஜெருசலேமில் மரியாதை செய்கிறார்களே, அதற்கு மெம் சிட்ஸ்கே, அவர் கணவர் வீபே இருவர் பெயரையும் எழுதி அனுப்பப் போகிறேன். வீபே இறந்து பதினேழு வருடம் ஆகிறது. இருந்தாலும் அவர் பெயரும் சேர்ந்து வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

சிக்கல் ஒன்றுதான். ஆம்ஸ்டர்டாமிலிருந்து நம்மை ரகசியமாகக் கூட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு மூன்று வயது. உனக்கு என்ன நினைவிருக்கும் என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வது? உனக்குப் பத்து வயது. என் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அந்தக் கால்வாய்ப் பாலத்தின் காவலர் வீட்டு வாசலில் விட்டவன் நீ. ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அவ்வளவுதான் கேட்கிறேன். மெம் கண்ணை மூடுவதற்குள் அது நடக்க வேண்டும்.

என் மகள் ரின்ஸ்கேவுக்கு லேவார்டனில் வேலை கிடைத்திருக்கிறது. என் கணவர் சியர்ட் நலம். அண்ணி அலெக்ராவை விசாரித்ததாகச் சொல்.

செல்மா


ஹைஃபா,
3 மார்ச் 1988

செல்மா,

முடியாது.

இந்த ஒரு வார்த்தையை உறையில் போட்டு ஒட்டப் போனேன். அலெக்ரா பிடுங்கிக்கொண்டாள். “நாய்க்குக்கூட இதைவிட நீளமா பதில் சொல்லுவாங்க” என்றாள். அதனால் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன்.

உன்னை வாசலில் விட்டுவிட்டு நான் போனதாக எழுதியிருக்கிறாய். அது யார் சொன்ன கதை என்று நான் கேட்கப் போவதில்லை. யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பதினோரு வாரம் நானும் அந்த வீட்டில் இருந்தேன். சமையலறைச் சுவருக்குள் இருந்த அலமாரிக் கட்டிலில், கதவைச் சாத்திக்கொண்டு, நீயும் நானும் ஒரே போர்வையில் படுத்தோம். அது உனக்கு நினைவில்லை என்றால் உன் தப்பு இல்லை. நினைவிருப்பவள் இன்னொருத்தி இருக்கிறாள். அவள் உனக்குச் சொல்லவில்லை.

அவள் கையில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தார்கள். ஒன்றை வைத்துக்கொண்டாள். ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாள். இதற்கு மரியாதை வேண்டுமென்றால் வேறு சாட்சியைத் தேடு.

பாரெண்ட்


டொக்கும்,
20 மார்ச் 1988

பாரெண்ட்,

உன் கடிதத்தைச் சியர்டிடம் காட்டவில்லை. மூன்று முறை படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். போட முடியவில்லை.

பதினோரு வாரம் என்கிறாய். நாற்பத்தைந்து வருடத்தில் ஒரு தடவைகூட நீ இதைச் சொன்னதில்லை. போருக்குப் பிறகு நம்மைச் சேர்த்த யூத அனாதை இல்லத்தில் ஞாயிறுதோறும் பெண்கள் பகுதிக்கு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாயே, அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவாய். மற்றப் பெண்கள் உன்னை ‘செல்மாவின் தூண்’ என்பார்கள்.

நீ திருப்பிக் கொடுப்பதைப் பற்றிப் பேசுகிறாய். நானும் பேசுகிறேன். 1946, செப்டம்பர். எனக்கு ஆறு வயது. எனக்கு ஒரு மெம் இருந்தார், ஹெய்ட் என்று நான் கூப்பிட்ட வளர்ப்பு அப்பா வீபே இருந்தார். பாலத்தைத் தூக்கும் சக்கரத்தில் ஹெய்ட் என் கையையும் வைத்துச் சுற்றுவார். ஒருநாள் நீயும் தொப்பி போட்ட ஒரு பெண்மணியும் வந்தீர்கள். உன்னை எனக்கு யாரென்றே தெரியவில்லை. மொட்டைத்தலைப் பையன் ஒருவன் சமையலறையில் நின்று என் பெட்டி நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் தெரியும். இன்றைக்கும் யாராவது பெட்டி கட்டினால் எனக்கு வாந்தி வருகிறது. சியர்ட் எங்காவது போவதென்றால் கொல்லைக் கொட்டகையில்தான் பெட்டி கட்டுவார். ரின்ஸ்கேவை முதல் முறையாகப் பள்ளியில் விட்ட வருடம், மணி அடிக்கும்வரை வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். தினமும். மழையிலும். ஆசிரியை என்னிடம் தனியாகப் பேசினார். நான் என்ன சொல்வது? போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை என்றா?

அனாதை இல்லத்தில் என்னை யூதப் பெண்ணாக்கினார்கள். யூத முறைப்படி எந்தப் பாத்திரம் பாலுக்கு, எந்தப் பாத்திரம் இறைச்சிக்கு என்று தெரியாமல் அடி வாங்கினேன். சரி, அண்ணன் இருக்கிறான் என்று நினைத்தேன். நாலு வருடத்தில் நீ ஹைஃபாவுக்குக் கப்பல் ஏறிவிட்டாய். எனக்குப் பத்து வயது. என்னைப் பிடுங்கிக்கொண்டு வந்தவனுக்கு என்னை வைத்திருக்கத் தெரியவில்லை.

இருபத்தொரு வயது ஆன மறுநாள் நான் எங்கே போனேன் என்று உனக்குத் தெரியும். மெம் கதவைத் திறந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. மோர்க் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

நீ சொல்வது உண்மையென்றால் முழுசாகச் சொல். இல்லையென்றால் இனி எழுதாதே.

செல்மா


ஹைஃபா,
11 ஏப்ரல் 1988

செல்மா,

பஸ்கா பண்டிகை முடிந்து பேரப்பிள்ளைகள் நேற்றுத்தான் கிளம்பினார்கள். வீடு அமைதியாக இருக்கிறது. எழுதுகிறேன். எனக்கு எழுத வராது. முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான்.

1943 ஏப்ரலில், யூதப் பிள்ளைகளை ஒளித்துவைக்க உதவிய ஒரு மாணவி நம்மை ரயிலில் கூட்டிவந்தாள். அப்பா தெரு முனையில் வெள்ளரிக்காய் ஊறுகாய் விற்றதால் என் கோட்டில் அந்த வாசனை இருந்தது. வழியெல்லாம் அதை முகர்ந்துகொண்டு வந்தேன். அந்த வீட்டுக்கு வந்ததும் சிட்ஸ்கே அந்தக் கோட்டை அவிழ்த்து எரித்தாள். நியாயம்தான். நகரத்துக் கோட்டு. அப்போது நான் அவளை வெறுக்கவில்லை.

உன் முடி வெளுப்பு. அதனால் உனக்குக் கிரீட்யே என்று பெயர் வைத்து, ராட்டர்டாமில் குண்டு விழுந்து வீடிழந்த சொந்தக்காரப் பெண் என்று சொல்லி வெளியே விட்டார்கள். எனக்குக் கருப்புச் சுருட்டை முடி, பார்த்ததும் யூதன் என்று தெரியும் முகம். மூக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான் அலமாரிக் கட்டிலுக்குள். கதவில் இதய வடிவத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அது வழியாகத்தான் பதினோரு வாரம் சமையலறையைப் பார்த்தேன். உன் முடியை அவள் சீவுவதைப் பார்த்தேன். சாயங்காலம் வீபே கதவைத் திறந்து எனக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுப்பார். நல்ல மனிதர்.

ஜூன் கடைசியில் அந்த மாணவி ரேஷன் சீட்டு கொண்டுவந்தாள். நான் உள்ளே இருப்பது தெரிந்தே சிட்ஸ்கே சொன்னாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

“பொண்ணு மட்டும் இருக்கட்டும். பையனைக் கூட்டிட்டுப் போயிடுங்க. அவன் மூஞ்சியே நம்மளைக் காட்டிக் கொடுத்துரும்.”

பத்து நிமிடத்தில் என் துணிகளை ஒரு மாவுச் சாக்கில் போட்டுக் கொடுத்தாள். நீ வெளியே வாத்துகளோடு விளையாடிக்கொண்டிருந்தாய். உன்னிடம் சொல்லிக்கொள்ள விடவில்லை. அழுவாயாம்.

அதற்குப் பிறகு ஆறு வீடுகள். கடைசி வீட்டில் பதினான்கு மாதம். பசுத் தொழுவத்துப் பலகைகளுக்கு அடியில் ஒரு குழி. உட்காரலாம், படுக்கலாம், நிற்க முடியாது. “நீ இருக்கறது எங்க மாட்டுக்கே தெரியக் கூடாது” என்றார் அந்த வீட்டுக்காரர். பலகை இடுக்கில் வழிந்தது என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேன் பிடித்ததால் தலையை மழித்தார்கள். பிறகு நானே மழிக்க ஆரம்பித்தேன். இன்றும் மழிக்கிறேன்.

நான் தும்மினால் சத்தம் வராது. கல்யாணமான புதிதில் அலெக்ரா என் முகம் சிவந்து உடம்பு குலுங்குவதைப் பார்த்து மாரடைப்பு என்று அலறினாள். வெறும் தும்மல். யோராம் சின்ன வயதில் என்னைப் பார்த்து அதே மாதிரி தும்மக் கற்றுக்கொண்டான். அதைப் பார்த்த அன்று அவனை அடித்தேன். என் வாழ்க்கையில் அவனை அடித்தது அந்த ஒரு முறைதான். ஏன் அடித்தேன் என்று அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

எங்கள் கல்யாணப் படத்தில் நான் திரும்பி நிற்கிறேன். வீட்டில் என் முகம் தெரியும் படம் ஒன்றுகூடக் கிடையாது. கிரேன் அறை நாற்பது மீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கே என் முகத்தை யாரும் பார்க்க முடியாது. அதனால்தான் மேற்பார்வையாளர் பதவி கொடுத்தபோது வேண்டாம் என்றேன். அலெக்ரா என்னைச் சோம்பேறி என்று நினைத்தாள்.

முழுசாகச் சொல் என்றாய். சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன்.

பாரெண்ட்


டொக்கும்,
5 மே 1988

பாரெண்ட்,

நேற்று போரில் இறந்தவர்களின் நினைவு நாள். ஊரே எட்டு மணிக்கு இரண்டு நிமிடம் மௌனமாக நின்றது. நான் நிற்கவில்லை. மெம்மிடமிருந்து வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். தும்மல் வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. முதலில், “பையனா? எந்தப் பையன்?” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுந்து போகவில்லை. அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

“அவன் மூஞ்சி இல்ல. நீதான்” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“நீ பாலத்து ஓரமா நின்னுட்டிருந்த. பால் படகு வந்துச்சு. படகுக்காரன் உன் பேரு என்னன்னு கேட்டான். நீ கிரீட்யேன்னு சொல்லுவன்னு நான் பார்த்துட்டு நிக்கறேன். நீ நெஞ்சை நிமித்திக்கிட்டு, செல்மா கோக்கர்நோட், ஆம்ஸ்டர்டாம்னு சொன்ன. தேங்காயான்னு அவன் சிரிச்சான். சிரிச்சவன் என் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் சிரிப்பை நிறுத்திட்டான்.”

நம் குடும்பப் பெயர் தேங்காயைக் குறிக்கும் சொல் மாதிரி ஒலிப்பதால், கேட்டவர்கள் சிரிப்பார்கள் என்று உனக்குத் தெரியும். அது ஆம்ஸ்டர்டாம் யூதர்களின் பெயர் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அந்தப் படகுக்காரர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அப்போது மெம்முக்கு அது எப்படித் தெரியும்? மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லையாம்.

“அப்ப என்னைத்தானே அனுப்பியிருக்கணும்?” என்றேன்.

“தினமும் அந்தக் கட்டில்ல வெச்சு அவன் உனக்குப் பேரு சொல்லிக் கொடுப்பான். பேரு, தெரு, அப்பா பேரு, அம்மா பேரு. எனக்குக் கேட்கும். அவன் இருக்கறவரைக்கும் நீ மறக்க மாட்டன்னு தெரிஞ்சுபோச்சு. அவன் போன பத்தாவது நாள், கிரீட்யேன்னு கூப்பிட்டா நீ திரும்பிப் பார்த்த.”

பாரெண்ட், இதை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு மூன்றாம் தடவையாக எழுதுகிறேன்.

அந்த மாணவியிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன். படகுக்காரர் விஷயம் தெரிந்தால், இந்த வீடு ஆபத்து என்று அவள் இரண்டு பேரையும் அன்றே கூட்டிக்கொண்டு போயிருப்பாளாம். அதனால்தான் உன் முகத்தைச் சொன்னாராம். அதற்கு முந்தைய வருடம் அவருக்குக் குழந்தை இறந்து பிறந்தது. நமக்கு அது தெரியாது. “உன்னை விட முடியல” என்றார். நான் அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். முத்தம் கொடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் முறை.

என் வாயால் நீ அந்தக் குழிக்குப் போனாய். நான் வாத்துகளோடு விளையாடிக்கொண்டிருந்தேன். ஜெருசலேமுக்கு அனுப்ப இருந்த விண்ணப்பத்தை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

செல்மா


டொக்கும்,
19 ஜூன் 1988

பாரெண்ட்,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இன்று முதியோர் இல்லத்துக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை மெம்மைப் பார்க்க ஒருவர் வந்ததாகச் செவிலி சொன்னாள். மொட்டைத்தலை, வெயிலில் கறுத்த முகம். அவர் பேசுவது அவ்வளவு மெதுவாம், நம் காதை அவர் வாய்க்கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கிறது என்றாள். பெயர் கேட்டதற்குச் சொல்லவில்லையாம்.

அங்கிருந்து என் வீட்டுக்கு நாலு கிலோமீட்டர். பேருந்து இருக்கிறது. நீ ஹைஃபாவிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, அந்த நாலு கிலோமீட்டர் வரவில்லை.

மெம் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். “அவன் சொல்லட்டும்” என்கிறார்.

செல்மா


ஹைஃபா,
6 ஜூலை 1988

செல்மா,

பேருந்து நிறுத்தம்வரை வந்தேன். உன் ஊர்ப்பெயர் போட்ட பேருந்து இரண்டு போனது. ஏறவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உன் மே மாதக் கடிதத்தை அலெக்ரா வேலைக்குப் போன பிறகு படித்தேன். அவள் திரும்பி வந்தபோதும் அதே நாற்காலியில்தான் இருந்தேன். நீ உன்னைக் குற்றம் சொல்லிக்கொள்கிறாய். வேண்டாம். உனக்கு மூன்று வயது. சொல்லிக் கொடுத்தவன் நான். தினமும் உன்னைத் தூங்கவிடாமல் உலுக்கிச் சொல்ல வைத்தேன். நீ மறந்துவிட்டால் அம்மா வந்து தேடும்போது எப்படிக் கண்டுபிடிப்பாள் என்ற பயம். அம்மா அதற்குள் போலந்து போகும் ரயிலில் ஏறிவிட்டாள் என்று யாருக்குத் தெரியும்? நல்லது என்று நினைத்துச் செய்தேன். அதனால்தான் என்னை அந்த வீட்டைவிட்டு அனுப்பினாள். நாற்பத்தைந்து வருடம் கண்ணாடியில் இந்த முகத்தைப் பார்த்துக் காறித் துப்பியிருக்கிறேன். முகத்தின் மேல் தப்பே இல்லையாம். இதைத் தெரிந்துகொண்டு இந்த வயதில் நான் என்ன செய்வது, சொல்.

சிட்ஸ்கே என்னைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். “நீ அந்தப் பையன்” என்றாள். உட்காரச் சொன்னாள். தன் தட்டிலிருந்த பிஸ்கட்டை என் பக்கம் தள்ளினாள். நான் ஒன்றுதான் கேட்டேன்.

“நான் எங்கே போனேன்னு எப்பவாவது விசாரிச்சீங்களா?”

“இல்ல” என்றாள். “விசாரிச்சா பதில் வந்துடும். அதனால விசாரிக்கல.”

பிறகு, “உன் மூஞ்சி மேல பொய் சொன்னேன். அது தப்பு. உன்னை அனுப்பினதுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்த நாள் திரும்ப வந்தாலும் அதையேதான் செய்வேன்” என்றாள்.

அழவில்லை. கையைப் பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை. ஆனால் செல்மா, போர் முடிந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். கடவுளின் திட்டம், காலம் ஆற்றும் என்றெல்லாம். என்னிடம் உண்மை பேசியவள் அவள் ஒருத்திதான். பிஸ்கட்டைத் தின்றுவிட்டு எழுந்து வந்தேன்.

நீ கேட்ட சாட்சியத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில், அவளும் வீபேயும் உன்னை உயிரோடு வைத்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறேன். அது உண்மை. இரண்டாம் பக்கத்தில் பதினோரு வாரத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். அதுவும் உண்மை. எதை அனுப்புவது, எதைக் கிழிப்பது என்று நீ முடிவு செய்.

இப்போது பேருந்தைப் பற்றிச் சொல்கிறேன்.

1946இல், பெற்றோரை இழந்த யூதப் பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்த விசாரணை அறையில், மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். உனக்கு உன் தங்கச்சி வேண்டுமா என்று ஒரு பெண்மணி கேட்டாள். கதவுக் கண்ணாடி வழியாக வெளியே பெஞ்சு தெரிந்தது. சிட்ஸ்கே உன்னை மடியில் வைத்துக்கொண்டு உன் காலணிக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான், “வேணும். அவ எங்க அம்மா பொண்ணு” என்றேன். அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். குடும்பத்தின் கடைசித் துளியைக் காப்பாற்றிய பையன் என்று. நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். முரட்டுத்தனமாகச் செய்தாலும் அன்பினால் செய்தான் என்று.

இல்லை. சிட்ஸ்கே உன் பெட்டியைக் கட்டுவதை நான் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சொன்னேன். அவள் உன் கவுனை மடிக்க முடியாமல் கீழே போட்டாள். வீபே எடுத்து மடித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீ மேசைக் காலைக் கட்டிக்கொண்டு அலறினாய். அப்போதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ரயிலில் நீ என் காலில் வாந்தி எடுத்தாய். அதோடு அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதைச் சொல்லத்தான் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நாலு வருடம் சொல்ல முடியவில்லை. கப்பல் ஏறினேன்.

உன் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் ஏறவில்லை. என்னை வெறுக்கிறாயா இல்லையா என்று எழுது.

பாரெண்ட்


டொக்கும்,
28 ஆகஸ்ட் 1988

பாரெண்ட்,

மெம் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி காலையில் போய்ச் சேர்ந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். தேவாலயத்தில் முன் வரிசையில் உட்கார்ந்தேன். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. எந்தச் சபையையும் சேர்ந்தவள் இல்லை. பாதிரியார் அவரை ஓர் அனாதைக் குழந்தையைக் காத்த தாய் என்றார். என் பக்கத்தில் காலி நாற்காலி ஒன்று இருந்தது. யாரோ அதில் கோட்டை வைத்தார்கள். நான் எடுக்கச் சொன்னேன்.

கடைசி மாதம் முழுக்கத் தினமும் போனேன். முகம் துடைத்துவிட்டேன், ஊட்டிவிட்டேன். என்னிடமிருந்து அவர் ஒன்றை எதிர்பார்த்தார். பேச்சு ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அவர் காத்திருப்பது தெரிந்தது. நான் கொடுக்கவில்லை. உன் சார்பில் மன்னிப்புக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். என் சார்பிலாவது கொடுத்திருக்கலாம். இப்போது அதுவும் முடியாது.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். முடிவு எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். எனக்கு இனி அதில் பெரிய ஆவல் இல்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். ஏழு வாரம் யோசித்தேன். நீ சொல்லியிருக்க வேண்டாம். எனக்கு ஒரே ஓர் ஆறுதல் இருந்தது. யாரோ என்னை வேண்டும் என்று கேட்டதால்தான் என்னைப் பிரித்தார்கள் என்பது. இரண்டு பக்கமும் என்னை வேண்டுமென்று இழுத்தார்கள் என்று நினைத்துத்தான் அந்த இல்லத்து வருடங்களைத் தாண்டினேன். இப்போது பார்த்தால் மெம் என்னை வைத்துக்கொண்டது ஒரு செத்த குழந்தைக்குப் பதிலாக. நீ என்னை எடுத்துக்கொண்டது அவரைக் குத்துவதற்காக. என்னை எனக்காகக் கேட்டவர்கள் யார்? அப்பா அம்மாவாக இருக்கலாம். அவர்கள்தான் என்னை அந்நிய மாணவி கையில் கொடுத்தார்கள். அதுதான் சரி என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

உனக்குப் பாரம் இறங்கியிருக்கும். எனக்கு ஏறியிருக்கிறது. அந்தக் குழியில் நீ கிடந்ததை நினைத்து உன்மேல் கோபப்படவும் முடியவில்லை. பதின்மூன்று வயதுப் பையன் என்று நூறு முறை சொல்லிக்கொள்கிறேன். மேசைக் காலைக் கட்டிக்கொண்ட பிள்ளைக்கு அது புரியவில்லை. அவளுக்கு எப்போதும் புரியாது.

வெறுக்கிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிக்கவில்லை என்பது தெரிகிறது. உன்னை வரச் சொல்லவில்லை. நானும் வர மாட்டேன்.

ஆனால் ஒன்று. ரின்ஸ்கேவுக்கு மார்ச்சில் பிரசவம். மருத்துவமனையில் ஏதோ படிவம் கொடுத்திருக்கிறார்கள். தாய்வழிச் சொந்தம் யார் யார் என்று அதில் கேட்டிருக்கிறது. நான் என் பெயரை எழுதினேன். அடுத்த வரியை எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ரின்ஸ்கே, “உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரைம்மா கூப்பிடறது?” என்றாள். உன் பெயரை எழுதினேன். வேறு யாரும் இல்லை, பாரெண்ட். உலகத்திலேயே இல்லை. உன் தொலைபேசி எண்ணை எழுதி அனுப்பு. அவளுக்காகத்தான் கேட்கிறேன்.

செல்மா


ஹைஃபா,
12 செப்டம்பர் 1988

செல்மா,

எண்ணை உறையின் பின்பக்கம் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

ரின்ஸ்கேவிடம் ஒன்று சொல்லி வை. மணி அடித்ததும் நான் எடுக்க மாட்டேன். யார் கூப்பிட்டாலும் முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அடங்கட்டும் என்று காத்திருப்பேன். இத்தனை வருடத்தில் அந்தக் குழியில் வந்த பழக்கம் போகவில்லை. வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். வைத்துவிடாமல் அடித்துக்கொண்டே இருக்கச் சொல். நான் இருப்பேன். எடுப்பேன்.

பாரெண்ட்